பரும்படிவு, கப்பிப்படிவு: கடலடிக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கடலடியில் கிடக்கும் மணல், சரளை, கூழாங்கல் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லத் தமிழ்க் கலைச்சொல்லாகக் "கரட்டு வண்டல்" என்று அண்ணாச்சி முன்மொழிந்திருக்கிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் வண்டல் என்றால் வெள்ளம் வடிந்த வயலில் காலை வழுக்கும் மெல்லிய சேறு. அதன்முன் கரட்டை வைத்தால் ஒன்றையொன்று தள்ளும். "பரும்படிவு" என்றால் போதும். பருப்பொருளைப் போலப் "பருப்படிவு" என்றும் சொல்லலாம்தான். ஆனால் சமையற்கட்டு நினைவுக்கு வந்துவிடும். பரும்படிவுக்குள், அமெரிக்கப் புவியியலர் வென்ட்வொர்த் 1922இல் வகுத்த துகளளவு முறையில் மணலின் மேலெல்லை 2 மி.மீ.; அதற்கு மேல் 4 மி.மீ. வரையுள்ளதைக் குருணை என்றும், 64 மி.மீ. வரையுள்ளதைக் கூழாங்கல் என்றும் பிரிக்கலாம்.

ஆறு அடித்துவந்தது என்ற பொருளில் சொல்லப்படும் "ஆறடித்த படிவு" என்ற மாற்றுச்சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது ஆறுகளும் அலைகளும் விட்டுச்சென்ற சரளை, பின்னர் நீர் ஏறியதால் இன்று கடலடியில் கிடப்பது உண்மையே. ஆனால் மிதக்கும் பனிமலை உருகி உதிர்த்த கல்லும், மன்னார் வளைகுடாவில் இருந்த இடத்திலேயே நொறுங்கிய பவளமும் சிப்பியும் பரும்படிவுதானே? பெயர் பருமனை மட்டும் சொல்லட்டும். வந்த வழிக்கு அடைமொழி சேர்த்துக்கொள்வோம்.

அந்த அடைமொழிகளில் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. முறுக்குக்கு மாவு சலிக்கையில் சல்லடையில் தங்குவதைக் கப்பி என்கிறோம். நீரோட்டம் வலுத்த கடலடியிலும் நுண்துகள்கள் கிளம்பிப் போய்விட, ஓட்டத்தால் தூக்க முடியாத கல்லும் சிப்பியும் மேலே போர்வையாகத் தங்கி, அடியிலுள்ள மணல் மேலும் அரிபடாமல் காக்கின்றன. இதனைக் "கப்பிப்படிவு" என்கிறேன். முறத்தில் புடைப்பதுதான் செயலளவில் இன்னும் நெருங்கிய ஒப்புமை. ஆனால் புடைத்தபின் முறத்தில் நிற்பது வெறும் அரிசி, அதற்குத் தனிப்பெயர் கிடையாது. கிணற்றுக் கப்பியோடு மயங்கும் என்பார் கப்பி ரோட்டை நினைத்துக்கொள்ளலாம்.

பரும்படிவு வந்துசேரும் இன்னொரு வழிக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. 1929இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கத்தால் கடலடிச் சரிவு பெயர்ந்து, மணலும் சேறும் கலந்த கனத்த நீர் பாய்ந்தோடி, தந்திக் கம்பிவடங்களை ஒவ்வொன்றாக அறுத்தது. அத்தகைய ஓட்டம் இறக்கிவைப்பதைக் "கலங்கலோட்டப் படிவு" என்றால் பொருள் சரி, நீளம்தான் அதிகம். சுருக்கமான சொல் யாரிடமேனும் இருந்தால் எழுதுங்கள்.