கார் பருவ நடவு வயலை அகச்சிவப்பில் படம் எடுக்கிறேன். நடுவில் வெள்ளை வட்டம் விழுகிறது. என்ன செய்யலாம்?

வீரவநல்லூர் வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓவிய ஆசிரியர். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷத்தில் கன்னடியன் கால் பாசன வயல் வந்துவிடும். மேற்கே பார்த்தால் பொதிகை மலை. சின்ன வயதிலிருந்து இதை பென்சிலில் வரைந்து வருகிறேன். கறுப்பு வெள்ளையில் பச்சையெல்லாம் ஒரே சாம்பலாகப் போய்விடுவது எனக்குப் பெரிய குறை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் இலை வெள்ளையாகவும் தண்ணீர் கறுப்பாகவும் வரும் என்று தெரிந்ததும் ஆசை பிடித்துக்கொண்டது.

பழைய நிக்கான் டி70 ஒன்று வாங்கினேன். 2004-ல் வந்த 6 மெகாபிக்சல் கேமரா. சென்சாருக்கு முன்னால் உள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி இதில் வலுவில்லாதது என்று கேள்விப்பட்டுத்தான் வாங்கினேன். அகச்சிவப்பு விடும் டிவி ரிமோட்டை முன்னால் பிடித்து பொத்தானை அழுத்திப் படம் எடுத்தபோது அதன் முனை பளிச்சென்று வந்தது. சரி, வேலை செய்கிறது என்று அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஹோயா ஆர்72 பில்டர் போட்டு நடவு வயலுக்குப் போனேன்.

மூன்று சிக்கல். ஒன்று, லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி எஃப்16-ல் வைத்து எடுத்த எல்லாப் படத்திலும் நடுவில் தட்டு மாதிரி ஒரு வெள்ளை வட்டம். லென்ஸ் பழைய 50 மி.மீ. இரண்டு, மலை கூர்மையாக வரவில்லை. மூன்று, ஏழெட்டு வினாடி திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆனி மாதக் காற்றில் நாற்று ஒரு நொடிகூட நிற்கவில்லை. கேமராவைப் பிரித்து அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிடலாமா என்றும் யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடம்பூர் கரிசல்:

வாத்தியார் ஐயா, வட்டத்துக்குக் காரணம் எஃப்16. லென்ஸின் உட்பூச்சுகளும் குழாயின் உட்பக்கமும் சாதாரண ஒளிக்காகச் செய்தவை. அகச்சிவப்பு உள்ளே பட்டுத் திரும்பி நடுவில் குவிகிறது. துவாரத்தைச் சுருக்கச் சுருக்க வட்டம் சின்னதாகி, கெட்டியாகத் தெரியும். அதே இடத்தில் எஃப்4, 5.6, 8, 11 என்று வரிசையாக எடுத்துப் பாருங்கள். 5.6-லும் வட்டம் இருந்தால் அந்த லென்ஸை இதற்கு வைக்காதீர்கள். நல்ல லென்ஸாக இருந்தாலும் சரி. என்னிடம் இருந்த விலை கூடின லென்ஸ் ஒன்று இதற்கு உதவவில்லை, கேமராவோடு வந்த சாதா ஜூம் சுத்தமாக எடுத்தது. துவாரத்தைத் திறந்தால் நேரமும் குறையும். எஃப்16-ல் எட்டு வினாடி என்றால் 5.6-ல் ஒரு வினாடிதான். காற்றுப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

கூர்மைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி குவிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் அகச்சிவப்பு குவியும். பில்டரைக் கழற்றி மலைக்கு போகஸ் செய்துவிட்டு, வளையத்தைக் கொஞ்சம் கிட்டத்துப் பொருளுக்கு போகஸ் செய்கிற பக்கம் திருப்பி, அப்புறம் பில்டரை மாட்டுங்கள். பழைய லென்ஸாக இருந்தால் தூர அளவு பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், அது இதற்காகவே வைத்தது. டி70-ல் எடுக்கும் முன்பே திரையில் பார்க்கிற லைவ் வியூ இல்லாததால் நாலைந்து படம் வளையத்தை நகர்த்தி நகர்த்தி எடுப்பதுதான் வழி. கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரையும் மூடுங்கள், பின்னால் வெயில் அடித்தால் அந்த வழியாக ஒளி கசியும்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அளவை, அந்த நாற்றிலேயே அளந்து வையுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, அதனால் படம் சிவப்பாகவே நிற்கும். நிக்கானின் சொந்த மென்பொருளில் திறந்தால் நீங்கள் வைத்தது அப்படியே வரும்.

இலை ஏன் வெளுக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் தின்கிறது, அகச்சிவப்பைத் தொடுவதில்லை. இலைக்குள் செல்களுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளிகளில் அது சிதறி வெளியே வந்துவிடுகிறது. 1910-ல் ராபர்ட் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். அதனால் இதற்கு உட் விளைவு என்று பெயர்.

பாளை மருதம்:

அண்ணாச்சி, கேமராவை நீங்களே பிரிக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றின பிறகும் பிளாஷ் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் பலமாக அடிக்கும். தடுப்புக் கண்ணாடிக்குப் பதிலாக வைக்கிற கண்ணாடியின் தடிமன் சரியாக இல்லாவிட்டால் போகஸும் கெட்டுவிடும். நான் வேறொரு கேமராவை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, உள்ளேயே உங்கள் ஆர்72 மாதிரி 720 நானோமீட்டர் பில்டர் வைத்து மாற்றினேன். இப்போது நல்ல வெயிலில் டிரைபாட் இல்லாமல் கையிலேயே எடுக்கிறேன். திருப்புடைமருதூரில் கடனாநதி தாமிரவருணியோடு சேரும் இடத்தில் மருத மரங்களை அப்படித்தான் எடுத்தேன். ஆறு மை ஊற்றின மாதிரி, மரம் அதன் மேல் வெள்ளையாக. அங்கே பறவைகள் கூடு கட்டும் காலத்தில் போனால் தள்ளி நின்றே எடுங்கள்.

இன்னொன்று. கோடையில் மலையை மறைக்கிற மெல்லிய மூட்டத்தை அகச்சிவப்பு ஓரளவு ஊடுருவும், பொதிகையின் மடிப்புகள் தெரியும். ஆனால் சாரல் மேகத்தை ஊடுருவாது. அது நீர்த்துளி.

கடம்பூர் கரிசல்:

மருதம் தங்கச்சி சொல்வது சரி. இதோடு மண்ணையும் பாருங்கள். குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்கு ஆசையாகப் போய் ஏமாந்தேன். அந்தச் செம்மணல் அகச்சிவப்பில் வெளிறிவிடுகிறது, பனையோலையும் வெள்ளை; இரண்டும் ஒட்டிக்கொண்டு படம் சப்பென்று ஆகிவிட்டது. தேரியைக் கலரில்தான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் கரிசல் கறுப்பாகவே நிற்கும். அதன் மேல் ஒற்றை உடைமரம் குடை விரித்து வெள்ளையாக நிற்பதைப் பார்த்தால் விட்டு வர மனம் வராது.

உங்கள் வயலுக்கும் அதே கணக்குதான். நட்டு இருபது, இருபத்தைந்து நாளுக்குள் எடுத்துவிடுங்கள். வரிசைக்கு நடுவே தண்ணீர் தெரியும் வரைதான் கறுப்பு கிடைக்கும். பயிர் மூடிவிட்டால் வயல் முழுக்க வெள்ளைப் பாய். மலை மேற்கே இருப்பதால் காலை வெயில்தான் உதவும். மதியத்துக்கு மேல் மலையின் முகம் இருண்டுவிடும்.

வீரவநல்லூர் வாத்தியார்:

அண்ணாச்சிக்கும் மருதம் தங்கச்சிக்கும் நன்றி. நேற்று காலை எட்டு மணிக்குப் போனேன், காற்று எழும்புவதற்கு முன்னால். 50 மி.மீ. லென்ஸ் 5.6-லும் வட்டம் போட்டது, எடுத்து வைத்துவிட்டேன். சாதா ஜூமில் வட்டம் இல்லை. சாய்ந்த வெயிலாக இருந்ததால் 5.6-ல் இரண்டு வினாடி வைத்தேன். முப்பது படத்தில் நாலில் நாற்று அசையாமல் நின்றிருக்கிறது. கறுப்புத் தண்ணீரில் வரிசை வரிசையாக வெள்ளைத் தையல் போட்ட மாதிரி. மலை உச்சி மட்டும் சாரலுக்குள் போய்விட்டது. அதற்கு மாசிக்குப் பிறகு ஒரு தடவை போக வேண்டும். கேமராவைப் பிரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பக்கத்து வயலில் நடவுக்கு வந்திருந்த அக்காமார் திரையை எட்டிப் பார்த்தார்கள். "இது நாங்க நட்ட வயலா சார்? பருத்தி வெடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார் ஒருவர். பிறகு தங்களையும் வயலோடு ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள், கலரில். அதையும் எடுத்தேன். பிரிண்ட் போட்டு இந்த வாரமே கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் வேறு ஊருக்கு நடவுக்குப் போய்விடுவார்களாம்.