மனைவிக்கு மோதிரம்: ஆற்றைக் கெடுக்காத தங்கம் கிடைக்குமா?

கேள்வி (கரைவேட்டி): திருமண நாளுக்கு 4 கிராமில் மோதிரம் கொடுக்க எண்ணம். பாதரசம் கலந்து எடுத்த தங்கம் வேண்டாம். ஹால்மார்க் பார்த்தால் போதுமா?

உரைகல்: போதாது. ஹால்மார்க் சொல்வது தரத்தை மட்டும். எந்தச் சுரங்கம் என்று சொல்லாது. பெருவின் மாத்ரே தே தியோஸ் ஆற்றுப்படுகையில் பாதரசத்தால் பிரித்த தங்கமும் 916 (22 காரட், 91.6% தூய்மை) ஆக முடியும். மூலம் தெரிய வேண்டுமானால், பொறுப்பான சிறு சுரங்கங்களுக்குத் தரும் ஃபேர்மைன்ட், ஃபேர்டிரேட் சான்றைக் கேளுங்கள். ஃபேர்மைன்டில் 'எக்கலாஜிக்கல்' வகைக்குத்தான் பாதரசமோ சயனைடோ இல்லை. நம்மூர்க் கடைகளில் கிடைப்பது அரிது.

ஊதுகுழல்: வீட்டில் கிடக்கும் பழைய நகையை உருக்குவதே மேல். 'மறுசுழற்சித் தங்கம்' என்ற கடைப் பேச்சை நம்ப வேண்டாம், புதுத் தங்கத்தின் பட்டறைத் துண்டுகளையும் அப்படியே சொல்வார்கள். கல், அரக்கு நீக்கிய பின் எடை போடுங்கள். கண்முன்னே உருக்கி, கட்டியைத் தரம் காட்டும் காரட் மீட்டரில் வைக்கச் சொல்லுங்கள். பழைய பற்றவைப்பு இருந்தால் 916க்குக் கீழே இறங்கும். 4 கிராம் 22 காரட்டில் சொக்கத்தங்கம் 3.66 கிராம். கல் பதிக்கப்போகிறீர்கள் என்றால் 18 காரட் செய்யுங்கள், கல்லின் பிடி எளிதில் தேயாது, அதே சொக்கத்தங்கத்தில் கணக்குப்படி 4.88 கிராம் வரும், சேதாரம் போக.

கரைவேட்டி: பற்றவைப்புக்கு கேடிஎம் (காட்மியம் கலந்த பற்று) போடலாமா?

ஊதுகுழல்: வேண்டவே வேண்டாம். காட்மியப் புகை பத்தரின் நுரையீரலைத் தின்னும்.

உரைகல்: ஹால்மார்க் முத்திரை இட்டு முடிந்ததும், மோதிரத்தில் பொறித்த எச்யுஐடியை (எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு) பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். நகை 2 கிராமுக்குக் குறைந்தால் அந்த முத்திரை கட்டாயமில்லை.