34 வயதில் பவர் எலக்ட்ரானிக்ஸ் படிக்க முடியுமா?

ஆரல்வாய்மொழிக்காரன்:
மெக்கானிக்கல் முடித்த நாளிலிருந்து முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்புதான் வேலை. பழைய 250 கிலோவாட் மெஷின் என்றால் கியர்பாக்ஸ் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது அவற்றைக் கழற்றிவிட்டு 2 மெகாவாட் மெஷின் நிறுத்துகிறார்கள். எங்கள் சைட்டில் பாதித் தொல்லை கன்வெர்ட்டரில்தான் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் பெட்டி), அலாரம் அடித்தால் லேப்டாப்போடு வரும் 24 வயதுப் பையனுக்குப் பின்னால் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ஐஐடிக்காரர்கள் பாடம் நடத்தும் இணையத் தளமான என்பிடெல்லில், அந்தக் கன்வெர்ட்டரைப் புரிந்துகொள்ள பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடத்துக்கு மூன்று தடவை ஜூலையில் பதிவு செய்து மூன்று தடவையும் நாலாவது வாரத்தோடு நின்றுபோனேன். வீட்டில் "இனி எதுக்கு படிப்பு" என்கிறார்கள். மூளை மங்கிவிட்டதா, இல்லை சோம்பலா?

மார்த்தாண்டம் ஈஈஈ:
மக்கா, மூளைக்கு ஒன்றுமில்லை, மாதத்தைப் பார். மே முதல் செப்டம்பர் வரை நம்மூரில் காற்று சீசன், மெஷின் ஒரு மணி நேரம் நின்றாலும் போன் வரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உன் அசைன்மென்ட் மட்டும் நிற்குமா? ஜனவரியிலும் அங்கே பாடங்கள் தொடங்கும், 12 வாரப் பாடம் என்றாலும் பெரும்பாலும் ஏப்ரலில் தேர்வு முடிந்துவிடும். காற்று ஏறுவதற்குள் நீ வெளியே. நான் ரப்பர் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு அப்படித்தான் இரண்டு பாடம் முடித்தேன்.

வகுப்பறை:
கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பொறியியல் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் என்பிஏ அமைப்பின் அங்கீகாரத்துக்கு, மாணவர்களுக்கு வேண்டிய 12 திறன்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள், 12-வது வாழ்நாள் முழுதும் கற்றல். வெட்கமாகத்தான் இருக்கிறது, அதற்கு எதிரே டிக் போட்டுப் பக்கத்தைத் திருப்பினோமே தவிர, வேலைக்குப் போனபின் எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரம் பேசியதில்லை.
ஆனால் உங்கள் தடங்கல் சீசன் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். மெக்கானிக்கல்காரர் நேராக ஐஜிபிடியில் (கன்வெர்ட்டருக்குள் ஸ்விட்சாக வேலை செய்யும் பாகம்) குதித்தால் நாலாவது வாரம் மூச்சு முட்டும். முதலில் இன்டக்ஷன் மெஷின், அதில் ஸ்லிப் (சுழலும் காந்தப்புலத்துக்கும் ரோட்டருக்கும் உள்ள வேக வித்தியாசம்) என்றால் என்ன என்பது வரைக்கும் போதும். உங்கள் புது மெஷின் டிஎஃப்ஐஜி என்ற இன்டக்ஷன் ஜெனரேட்டர் வகையாக இருந்தால், சுற்றாத பகுதியான ஸ்டேட்டர் நேராக கிரிட்டில் இருக்கும், சுற்றும் பகுதியான ரோட்டர் மட்டும் ஸ்லிப் ரிங் வழியாக கன்வெர்ட்டருக்குப் போகும். அதனால்தான் மொத்தத் திறனில் ஏறக்குறைய 30 சதவீத அளவுள்ள கன்வெர்ட்டரே போதுமாகிறது. அந்த ஸ்லிப் ரிங் நீங்கள் கார்பன் பிரஷ் மாற்றும் இடம்தானே, கையால் தொட்டதைப் படித்தால் மண்டையில் ஏறும். அப்புறம், என்பிடெல்லில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண், ஒரு வாரம் தவறினால் மனசு விட வேண்டாம்.

பழைய_எஞ்சினியர்:
சான்றிதழ் என்னிடமும் மூன்று கிடக்கிறது, எந்த மேனேஜரும் கேட்டதில்லை. ஒரு நோட்டுப் போட்டு வரும் அலாரம் ஒவ்வொன்றையும், என்ன செய்தபோது சரியானது என்பதையும் எழுதுங்கள். அந்தப் பையனிடமே கேளுங்கள், தம்பியிடம் கேட்க என்ன கூச்சம்?

ஆரல்வாய்மொழிக்காரன்:
கேட்டேன். "அண்ணே, கியர்பாக்ஸ் சத்தம் எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேக்குது, அதை நீங்க சொல்லித் தாங்க" என்கிறான். நாளைக்குக் காலையில் டவர் ஏறுகிறோம். ஜனவரிப் பாடத்தையும் போனில் குறித்துவிட்டேன், வகுப்பறை சார் சொன்னபடி இன்டக்ஷன் மெஷின்தான் முதலில்.