ஈறில் சதை, வாயில் கட்டி வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவைப்பெண்:
எனக்கு அப்போது ஆறாம் மாதம். பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசினெல்லாம் ரத்தம். மேலே முன்பல் இரண்டுக்கும் நடுவில் மாதுளை முத்து மாதிரி ஒரு சதை. வலியே கிடையாது, ஆனால் சோற்றுப் பருக்கை பட்டாலும் கசியும். மாமியார் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பல் டாக்டர்தான் "புற்று இல்லம்மா, கர்ப்பக் காலத்தில் பல்லில் கொஞ்சம் காரை படிந்திருந்தாலே ஈறு இப்படிப் பொங்கும்" என்று சொல்லி, காரையை மட்டும் எடுத்துவிட்டார். இப்போது வெட்டினால் திரும்ப வளரலாமாம். பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும்போது கடுகளவுதான் இருந்தது.

நெல்லைத்தம்பி:
அக்கா, உங்களுக்குத் தானாக வற்றிவிட்டது. எனக்கு வற்றவே இல்லை. கீழுதட்டை உள்பக்கம் கடித்துக்கொண்ட இடத்தில் நீலமாக ஒரு கொப்புளம். உடையும், வழவழவென்று வரும், பத்து நாளில் மறுபடி அதே இடம். நாலாவது தடவை ஊசியைச் சுட்டு நானே குத்தினேன், அப்புறமும் வந்தது. கடிபட்டதில் எச்சில் சுரப்பியின் குழாய் அறுந்து, எச்சில் உள்ளேயே தேங்குகிறதாம். மரத்துப்போக ஊசி போட்டு, அடியில் இருந்த சுரப்பியையும் சேர்த்து எடுத்தார்கள். குப்பியில் காட்டினார் டாக்டர். ஊறிய ஜவ்வரிசி போலக் கிடந்தது. இதற்கா ஒரு வருஷம் தூங்காமல் இருந்தேன் என்று அழுகை வந்துவிட்டது.

அப்பாபிள்ளை:
என் அப்பாவுக்கு ஒரு கட்டி இல்லை, ஈறு முழுக்க வீங்கிப் பல்லைப் பாதி மூடிவிட்டது. நாங்கள் பேஸ்ட் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பிபிக்குச் சாப்பிட்ட அம்லோடிபின்தான் காரணம். டாக்டரே வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா சிரிக்கும்போது கையால் வாயை மூடுவதைப் பல மாதம் பார்த்தும் நான் ஏன் என்று கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மதுரைக்காரர்:
என் கதை சின்னது. மேலண்ணத்தின் நடுவில் கல் மாதிரி மேடு. எலும்புதான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள்.
ஆனால் நெல்லைத்தம்பி, ஊசி குத்தியதைப் படித்துவிட்டு யாரும் செய்துவிடக் கூடாது. சீழ்க்கட்டியாக இருந்தால் பல்லின் வேரைப் பார்க்க வேண்டும், மேலே குத்தி என்ன பயன்? அப்பாபிள்ளை சொன்ன மாத்திரை மட்டுமல்ல, வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினும் ஈறை வளர்க்கும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கோவைப்பெண்ணுக்கு வற்றியது என்று எல்லோரும் காத்திருக்கவும் கூடாது. புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எதையும் காட்டியே ஆக வேண்டும். எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு, அதாவது புற்று இருக்கிறதா என்று பார்க்கும் சதைப் பரிசோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

நெல்லைத்தம்பி:
அனுப்பினார்கள் அண்ணாச்சி. ரிப்போர்ட் கவரைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அம்மாதான் பிரித்தார், எழுத்துக் கூட்டிப் படித்தார், என் உதட்டைத் தடவிப் பார்த்தார்.