இணையவழி வகுப்புக் காலத்தில் உங்களால் மறக்க முடியாமற்போன ஒரு நிகழ்வு

கணித ஆசிரியை, குமாரபாளையம்:
2020 செப்டம்பர். ஒன்பதாம் வகுப்புக்குக் கூகுள் மீட்டில் பல்லுறுப்புக் கோவை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் மைக்கிலிருந்து விசைத்தறிச் சத்தம் ஓயாமல் வந்தது. எங்கள் ஊரில் அது புதிதல்ல. பக்கத்து வீட்டுத் தறியாக இருக்கும் என்று எண்ணி, நாற்பது பேர் கேட்க, "அந்தச் சத்தத்தை நிறுத்து" என்று அதட்டினேன். நான் சொன்னது மைக்கை. அவன் நிறுத்தியது தறியை. மறுநொடியே, "ஓடுற தறிய எவன்டா நிறுத்துனது?" என்று ஓர் ஆணின் குரல் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. அவன் அங்கே வேலைக்குப் போகிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு பிள்ளைகளின் தாய், சென்னை:
வீட்டில் ஒரே கைப்பேசி. வீட்டுப்பாடத்தை மாலை ஆறு மணிக்குள் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பதால், இளையவனுக்காகப் பல நாள் நானே எழுதி அனுப்பினேன். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று குழுவில் அவனுக்கு நட்சத்திரம் கிடைத்தது. 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது, வாசலில் நின்று, "அந்த ஸ்டாரை நீயே வெச்சுக்கோம்மா, இனிமே எனக்கு வராது" என்றான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி:
கேமராவை அணைத்துவிட்டு என் பேத்தி தூங்கினாள், நான் எழுப்பினேன். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் முதலில் எழுதிய ஆசிரியைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேரலை வகுப்பையே நம்பியிருந்ததுதான் பிழை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அதில் வரும் பாடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஐயங்களை மட்டும் மாலையில் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். பாடத்தை ஐந்து நிமிடக் குரற்பதிவுகளாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், வேலைக்குப் போகும் பிள்ளைகள் இரவில் கேட்டிருப்பார்கள். தாய்மார்களும் பிள்ளைக்காக எழுதுவதை விட்டு, பிழையோடு எழுதியதையே அனுப்பப் பழக வேண்டும். இனி ஒரு பெருந்தொற்று வந்தால் இவற்றையெல்லாம் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரி மாணவியாக இருந்தவர், கூடலூர்:
ஐயா, தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது. மழை பிடித்தால் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் மின்சாரமும் இருக்காது. கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி தரும் அட்டையை அரசு அறிவித்தது 2021 சனவரியில். அதற்கு முந்தைய மழைக்காலத்தில், சிக்னல் கிடைக்கும் தேயிலைச் சரிவில் என் காலில் ஏறிய அட்டை வேறு. குடையைத் தோளில் இடுக்கியபடி வாய்மொழித் தேர்வுக்குப் பதில் சொல்லும்போதுதான் இரத்தம் வழிவதைப் பார்த்தேன். குனிந்தால் இணைப்பு போய்விடும் என்று அசையாமல் நின்றேன். எத்தனை மதிப்பெண் என்பது நினைவில் இல்லை.

கணித ஆசிரியை, குமாரபாளையம்:
குரற்பதிவு யோசனை சரிதான், ஐயா. தறிக்கூடத்தில் அதுவும் காதில் விழாது என்பது வேறு. அவன் 2021 செப்டம்பரில் பத்தாம் வகுப்புக்கு வந்தான். வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டதும், "உள்ளேன் அம்மா" என்று தறிக்கு மேல் பேசுகிற குரலில் கத்தினான். வகுப்பே சிரித்தது. நான் அடுத்த பெயரைக் கூப்பிடச் சற்று நேரமாயிற்று.