செட்டில்மெண்ட்டுக்கு ஒரு சொல் தேவை (வளை இறால், அவசரம்)

மாட்டுங்கா (மும்பை), மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கையேடு ஒன்று ஞாயிறு இரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். சேற்றில் வளை தோண்டி வாழும் இறால் பற்றிய பாடம். அமெரிக்க மேற்குக் கரையின் நியோட்ரைபியா கலிஃபோர்னியென்சிஸ் என்ற இனம்தான் எடுத்துக்காட்டு. கழிமுகத்தில் பொரிந்த லார்வா (இளம் குஞ்சு) ஓத வற்றத்தோடு கடலுக்குப் போகிறது. அங்கே ஸோயியா எனப்படும் மிதக்கும் லார்வாப் பருவத்தில் 5 நிலைகள், 6 முதல் 8 வாரம். பிறகு டெக்காபோடிட் என்ற அடுத்த பருவமாகி, இரவு ஓத ஏற்றத்தில் கழிமுகத்துக்குத் திரும்பிச் சேற்றில் புகுகிறது. மிதப்பை விட்டுத் தரைக்கு வரும் இந்தச் செயலை ஆங்கிலத்தில் செட்டில்மெண்ட் என்கிறார்கள். இதற்குத் தமிழில் சொல் வேண்டும். 'படிதல்' என்று எழுதியிருந்தேன். அதே பக்கத்தில் 'வண்டல் படிதல்' வருகிறது. வண்டல் தானாக விழுவது. இது நீந்தி வந்து இறங்குவது.

செம்பூர்:
'நிலைகொள்ளல்'?

வாஷி:
அக்கா, வங்கக் கடலில் புயல் நிலைகொண்டிருக்கிறது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வேண்டாமே. பம்பாய்க்கு வந்த நம் ஆட்களைக் கேட்டால் "செட்டில் ஆயாச்சு" என்பார்கள். அதையே எழுதினால் பிள்ளைகளுக்குப் புரியும்.

முலுண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, புரிகிறது என்பதற்காக எதையும் எழுதிவிடலாமா? முதலில் 'லார்வா'வை எடுங்கள். ஈழத்தார் 'குடம்பி' என்று நெடுங்காலமாக எழுதுகிறார்கள். "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே" என்ற குறளில் வரும் குடம்பைக்கு முட்டை என்றும் கூடு என்றும் பொருள் சொல்வர். கூட்டை விட்டுப் போகும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் உண்டா? 'வளை'யும் வேண்டாம், 'அளை' போதும். ஐங்குறுநூற்றுக் கள்வன் பத்தில் நண்டு மண்ணளையில்தான் இருக்கிறது. இன்னொன்று: சங்கத்தில் 'இறால்' தேன்கூடு. நீங்கள் சொல்லும் உயிர் 'இறா' அல்லது 'இறவு'.

மாட்டுங்கா:
ஐயா, தலைப்பில் இறவு என்று போட்டால் பிள்ளைகள் 'இரவு' என்பதன் எழுத்துப்பிழை என்பார்கள். வளையை விடுவதாக இல்லை. "எலி வளையானாலும் தனி வளை" என்பது இந்த ஊர் வாடகைக்கு நாம் தினமும் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். குடம்பியை ஏற்கிறேன்.

வெர்சோவா, மீன்வள மாணவி:
ஐயா சொன்னதில் பாதியோடு உடன்பாடு. விலங்கியல்படி இது இறாலே அல்ல. நண்டு, சந்நியாசி நண்டு வகையறாவுக்குத்தான் நெருக்கம். பண்ணைக்காரர்கள் சொல்லும் நாப்ளி, ஸோயியா, மைசிஸ், பி.எல். (போஸ்ட் லார்வா) என்ற வளர்ச்சிப் பருவ வரிசையும் பொருந்தாது. அது வளர்ப்பு இறாலுக்கு. இங்கே தாய் வயிற்றுக்கால்களில் முட்டையைச் சுமக்கிறது. குஞ்சு ஸோயியாவாகவே வெளியே வரும். நிலைகளின் எண்ணிக்கையும் இனத்துக்கு இனம் மாறும். அதே கரையில் வளை தோண்டும் இன்னொரு இனமான உபோஜீபியா புகெட்டென்சிஸுக்கு 3 ஸோயியாதான், 2, 3 வாரத்தில் முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் 5 என்று அச்சடித்துவிடாதீர்கள்.
டெக்காபோடிடுக்கு ஒரு வழி தெரிகிறது. ஸோயியா தாடைக்கால்களால் நீந்துகிறது, டெக்காபோடிட் வயிற்றுக்கால்களால். உறுப்பை வைத்தே பெயரிடலாமே?

முலுண்டு:
'வயிற்றுநீந்தி'! அருமை. 'உந்திநீந்தி' என்றால் இன்னும் செறிவு.

வாஷி:
உந்தி என்றால் தொப்புள் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும் ஐயா. கடலில் தொப்புளால் நீந்தும் பிராணியா?

செம்பூர்:
கேட்ட சொல்லுக்குத் திரும்புவோமா? 'குடியேற்றம்' எனக்கு ஒப்பும்.

வெர்சோவா:
குடியேற்றம் என்றால் வந்து நிலைத்துவிட்டது என்றாகும். செட்டில்மெண்ட் அவ்வளவு உறுதியானதில்லை. இறங்கியதில் பெரும்பகுதி சில நாளில் மீனுக்கோ நண்டுக்கோ இரையாகும். பிழைத்துக் கூட்டத்தில் சேர்வது ரெக்ரூட்மெண்ட். அது வேறு, அதற்கும் தனிச் சொல் வேண்டும். 'ஆட்சேர்ப்பு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

செம்பூர்:
அப்படியானால் இறங்குவது 'தரைசேர்தல்', பிழைப்பது 'கூட்டஞ்சேர்தல்'.

முலுண்டு:
கரைசேர்தலின் நிழல் விழுகிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் சொல்வது போல் இருக்கிறது.

மாட்டுங்கா:
மணி பதினொன்று. 'தரையமர்வு' என்று வைத்து அனுப்புகிறேன். செம்பூர், வாஷி, வெர்சோவா மூவரும் தனி மடலில் சரி என்றுவிட்டார்கள். ரெக்ரூட்மெண்ட்டுக்குச் செம்பூர் அக்காவின் 'கூட்டஞ்சேர்தல்'. டெக்காபோடிட் அப்படியே இருக்கும்.

முலுண்டு:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அமர்வு என்றால் இன்று கருத்தரங்க அமர்வுதான். தரையமர்வு என்றால் ஜமக்காளம் விரித்து நடத்தும் கருத்தரங்கு. 'ஊன்றல்' பற்றி யாரும் யோசிக்கவே இல்லையே. கால் ஊன்றல், வேர் ஊன்றல்... விரிவாக நாளை எழுதுகிறேன்.