வெள்ளவத்தைப் பூங்கா: நூறு கன்று வேண்டாம், முதலில் மண்ணைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

கொழும்பில், வெள்ளவத்தைக் கடலோரத்தில் நாங்கள் அமைக்கப்போகும் சிறு பூங்காவுக்குச் சேர்ந்த நன்கொடைக் காசை என்ன செய்வது என்று மடல் மேல் மடல் வருகிறது. நூறு மரக்கன்று, இடம் முழுக்க இன்டர்லொக் கல் (ஒன்றோடொன்று கோர்த்துப் பதிக்கும் தரைக்கல்), வாசலில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை என்று யோசனைகள். பலகையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மற்ற இரண்டையும் கைவிடச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

காணி 40 பேர்ச். கால் ஏக்கர், ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். பெரிதாகப் படரும் மரங்களுக்கு நடுவே 8 மீற்றராவது விட வேண்டும். ஊஞ்சலுக்கும் பிள்ளைகள் ஓடுவதற்கும் இடம் ஒதுக்கினால் எட்டு, ஒன்பது மரம்தான் கொள்ளும். நூறை நெருக்கி நட்டால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு, தடிக்காமல் உயர்ந்து, முதல் பெருங்காற்றுக்கே ஒடியும்.

இன்டர்லொக் கல்லின் இடுக்கால் தண்ணீர் இறங்கும் என்று லண்டனிலிருந்து ஒரு அண்ணா எழுதியிருந்தார். கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் அடியில் கிரவல் (செம்மண் கலந்த சரளை) போட்டு ரோலரால் இறுக்கிவிடுவார்கள், தண்ணீர் அதோடு நின்றுவிடும். ஒரே மழையில் 50 மில்லிமீற்றர் கொட்டுவது கொழும்பில் புதினமில்லை. இந்தக் காணியில் அது 50,000 லீற்றர், 10,000 லீற்றர் தண்ணீர் பவுசரில் ஐந்து. மண் குடிக்காததெல்லாம் ஒழுங்கைக்கும் வடிகானுக்கும்தான் போகும். 1.2 மீற்றர் அகலத்தில் ஒரு நடைபாதை போதும். அதுவும் அடிமரங்களிலிருந்து 2 மீற்றர் தள்ளி.

இந்த 2 மீற்றர் அழகுக்காகச் சொன்னதில்லை. கல் பதிக்க வெட்டும்போது மரத்தைத் தாங்கும் வேர்களையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கும், மரம் நிற்கப் பிடிப்பு இருக்காது. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, பழைய மரம் என்றாலே தறிக்கச் சொல்கிறார்கள். தறிக்க முன் அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, மரச்சுத்தியலால் தட்டினால் வெறும் பானைச் சத்தம் வருகிறதா, ஒரு பக்கத்து மண் புதிதாக வெடித்துக் கிளம்பியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மாநகர சபைக்கு அறிவிக்க வேண்டும். மூலையில் நிற்கும் பலாவில் கை வைக்கவே வேண்டாம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது.

இனி மண். கடலோரம் என்பதால் மணல்தான் என்று நினைப்போம். மேலே கிடப்பது பெரும்பாலும் கிரவலும் வீடு உடைத்த சீமெந்துக் கழிவும். 30 சென்றிமீற்றர் அகலம், 45 ஆழத்தில் மூன்று இடத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தடியால் அளக்க வேண்டும். 2.5 சென்றிமீற்றருக்குக் குறைந்தால் அங்கே கன்று அழுகும், அந்த இறுக்கத்தை அலவாங்கால் உடைத்துக் கிளறாமல் நடக்கூடாது. சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே ஏற்றுங்கள். அது மண்ணைக் காரமாக்கி, இரும்புச்சத்தை வேர் எடுக்கவிடாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். என்னைக் கேட்டால் காசில் பாதி இந்த வேலைக்கும் மூன்று வருடத் தண்ணீருக்கும் போக வேண்டும். திறப்பு விழாப் படத்தில் இதெல்லாம் தெரியாது, அதுதான் சிக்கல்.

கடல் பக்கத்து வரிசைக்குப் புன்னையும் பூவரசும். உப்புக்காற்றை அவை தாங்கும். உள்பக்கத்துக்குக் கொன்றை, வேம்பு, தண்ணீர் தேங்கும் மூலைக்கு மருது. நிழல் தரும் என்று சிலர் கேட்கும் மாரா மரம் (தூங்குமூஞ்சி) நன்றாக வளர்ந்தால் குடை 30 மீற்றர் விரியும், கால் ஏக்கரில் அதற்கு இடமில்லை.

ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கன்று வாங்க வேண்டாம். ஒரு மீற்றர் கன்று சீக்கிரம் வேர் பிடித்து, மூன்று மீற்றர் கன்றைச் சில வருடத்தில் எட்டிவிடும். பொலித்தீனை முழுதாகக் கிழித்து எடுங்கள். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை வெட்டாமல் விட்டால், பத்து வருடம் கழித்து அதே வேர் அடிமரத்தை நெரிக்கும். குழி வேர்க்கட்டியைப் போல மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் அதே அளவு. அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்காக இலையோ பொச்சுமட்டையோ 8 சென்றிமீற்றர் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. முட்டுக்கம்பு இரண்டு, தும்புக் கயிற்றால் தளர்வாக. ஒரு வருடத்தில் கழற்றாவிட்டால் கயிறு பட்டைக்குள் புதைந்துவிடும்.

எல்லோரும் மே மாதம் நடச் சொல்கிறார்கள். உள்ளே தள்ளிய இடத்துக்கு அது சரி. கடலோரத்தில் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் காற்று உப்பை அள்ளி வந்து குருத்தைக் கருக்கும். இங்கே ஒக்டோபரில் நட்டால் நவம்பர் மழையில் வேர் பிடிக்கும். ஆனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாரம் இரண்டு தரம், கன்றுக்கு 20 லீற்றர் கட்டாயம். இதற்கு ஆள் பொறுப்பெடுக்காவிட்டால் நடவே வேண்டாம்.

விளையாட்டுச் சாமான்களில் டெங்குவை மறக்காதீர்கள். ஊஞ்சல் குழாயின் திறந்த வாய், டயர் ஊஞ்சலின் அடி, வெட்டிய மூங்கில் கணு, குப்பைத் தொட்டி மூடி எல்லாம் தண்ணீர் பிடிக்கும். முட்டை நுளம்பாக ஏழு, எட்டு நாள் போதும். குழாய் வாயை மூடிப் பற்றவையுங்கள், டயரின் அடியில் 12 மில்லிமீற்றரில் மூன்று ஓட்டை போடுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருகும் இடத்துக்குப் பொறுப்பானவர்தான் வழக்கைச் சந்திக்க வேண்டும். கம்பங்கள் கல்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். அவை கொங்கிரீட்டில் இறங்கும் இடத்தில் கூம்பாகப் பூசாவிட்டால் தண்ணீர் நின்று, உப்போடு சேர்ந்து, அந்த இடத்திலேயே துருப்பிடித்து அறும்.

காணி மாநகர சபையுடையது. ஆகவே கன்று வாங்க முன், எந்த வேலையை யார் செய்வது, தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு, மூன்று வருடத்துக்குப் பிறகு பராமரிப்பது யார் என்று சபையோடு எழுத்தில் இருக்க வேண்டும். வரைபடம், மர வகை, குழியில் தண்ணீர் இறங்கிய அளவு மூன்றையும் கடிதத்தோடு இணையுங்கள். ஊரில் இருப்பவர்களில் குழி வெட்ட வரக்கூடியவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். ஒரு காலை வேலைதான், அலவாங்கு இரண்டு வேண்டும்.